ஏழாம் படி மரியாதை

இந்த அத்தியாயத்தில் பிணம் கிடையாது. பிணத்துக்காகவே புத்தகத்தை வாங்கியவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். காணாமல் போனது ஒரு நோட்டுப் புத்தகம். பச்சை அட்டை, நூறு பக்கம், மூலையில் டீக் கறை. ஆனால் அதற்காக ஒரு மனிதர் முந்தின நாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் மதியம் இரண்டரை மணி வெயிலில் அண்ணியும் ரேடியோவும் அந்த வீட்டு அழைப்பு மணியை அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

அண்ணி துப்பறிகிறவள். ரேடியோ அவள் புருஷனின் தம்பி, நாற்பத்தொரு வயது. மூன்று வேலைகளில் வாயால் நுழைந்து, அந்த வாயாலேயே வெளியே வந்தவன். வேறு போக்கிடம் இல்லாமல் அண்ணிக்கு உதவியாளனாக ஒட்டிக்கொண்டான். அவன் "அண்ணி, அண்ணி" என்று கத்திக் கத்தியே, அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அவளை அண்ணி என்று கூப்பிடும்படி ஆகிவிட்டது.

கதவு திறந்தது. உயரமான, ஒல்லியான பெரியவர். இவர்களைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனார். இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்தார். பிறகு என்ன மொழியென்றே தெரியாத ஒரு மொழியில், கணீரென்ற குரலில், ஒரு நிமிஷம் விடாமல் பேசினார்.

ரேடியோ அண்ணியின் காதில் சொன்னான். "அண்ணி, இவர் டாக்டருக்குப் போடவேண்டிய போனை நமக்குப் போட்டுட்டாரு."

"மன்னிக்கணும்" என்றார் பெரியவர் தமிழில். "அது ஐந்தாம் படி வணக்கம். முதல் தடவையா பாக்கறவங்களுக்கு அப்படித்தான் சொல்லணும். உள்ள வாங்க. செருப்பைக் கழட்டிட்டு, அந்தக் கூடையில காலுறை இருக்கு, போட்டுக்குங்க."

வாசலோரத்தில் ஒரு கூடை நிறையச் சாம்பல் நிறக் காலுறைகள். எல்லாம் ஒரே அளவு. ரேடியோவுக்குக் குதிகால் வெளியே நின்றது. அண்ணிக்கு முட்டி வரைக்கும் வந்தது.

பெரியவர் ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் அறிவிப்பாளராக இருந்தவர். தினமும் ஆயிரக்கணக்கான பேரிடம் தயவுசெய்து கவனிக்கவும், தயவுசெய்து மன்னிக்கவும் என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கழித்தவர்.

"ஒருத்தர்கூட பதில் சொன்னதில்லம்மா" என்றார். "வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டுன்னு நான் மன்னிப்புக் கேப்பேன். மன்னிச்சேன்னு ஒரு ஆள் சொன்னதில்ல. ரிட்டயர் ஆன மறுநாளே ஒரு மொழி பண்ண ஆரம்பிச்சேன். தொலிமா. மரியாதையா ஒண்ணு சொன்னா, மரியாதையா பதில் சொல்லியே ஆகணும். அதுதான் அதோட முதல் சட்டம்."

தொலிமாவில் மரியாதைக்கு ஏழு படிகள். முதல் படி கொசுவுக்கும் பூனைக்கும் அடிக்க மறந்த அலாரத்துக்கும். இரண்டாம் படி மச்சான்களுக்கு. மூன்றாவது கடைக்காரர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும். நான்காம் படியில் எழுந்து நிற்க வேண்டும். ஐந்தாம் படியைத்தான் வாசலிலேயே பார்த்துவிட்டோம். ஆறாம் படி குருவுக்கு. படி ஏற ஏற வாக்கியமும் நீளும். ஆறாம் படியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு முடிப்பதற்குள் விக்கலே நின்றுவிடும்.

"இதைக் கத்துக்க எங்க தொலிமா கழகத்துக்கு வர்றவங்க ரொம்பக் கட்டுப்பாடானவங்க" என்று பெருமையாகச் சொன்னார் அறிவிப்பாளர். "போன வருஷம் ஹால் திரைச்சீலையில நெருப்புப் பிடிச்சுது. பல் டாக்டரம்மாதான் முதல்ல பாத்தாங்க. நேரா என்கிட்ட வந்து ஆறாம் படியில முறையா தெரிவிச்சாங்க. ஒரு சொல் விடல."

"திரைச்சீலை என்ன ஆச்சு சார்?" என்றான் ரேடியோ.

"அது போயிடுச்சு."

"எனக்கு எந்தப் படி சார்?"

அறிவிப்பாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் முடிவு பண்ணல."

அண்ணி விஷயத்துக்கு வந்தாள். "காணாமப் போன நோட்டுல என்ன இருக்கு?"

அறிவிப்பாளரின் குரல் இறங்கியது. "ஏழாம் படி."

அதை எழுத அவருக்கு ஆறு வருஷம் பிடித்ததாம். ஒவ்வொரு சொல்லும் ஒரு முழ நீளம். எழுதியவருக்கே மனப்பாடம் கிடையாது. இடது பக்கம் தொலிமா, வலது பக்கம் தமிழ். வேறு பிரதி இல்லை. ஏழாம் படியை ஒருவர் தன் ஆயுளில் ஒரே ஒருவரிடம், ஒரே ஒரு தடவைதான் பேசலாம். கேட்டவர் அதே படியில் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால், சொன்னது சொல்லாததாகிவிடும். அன்று மாலை ஆறு மணிக்கு, கழகத்து ஆட்கள் முன்னால், அறிவிப்பாளர் தன்னுடைய அந்த ஒரு தடவையைப் பேசுவதாக இருந்தார்.

"பேச்சு என் சட்டைப் பையில இருக்கு, தமிழ்ல. அதை ஏழாம் படிக்கு மாத்தறதுக்கு ரெண்டு மணி நேரம் வேணும். நாலு மணிக்குள்ள நோட்டு கிடைக்கலன்னா எல்லாம் போச்சு. இன்னொரு தடவை எனக்குத் துணிச்சல் வராது."

"யார்கிட்ட சார் பேசப்போறீங்க?" என்றான் ரேடியோ.

"அது ஆறு மணிக்கு."

"திருடனைப் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

அறிவிப்பாளர் எழுந்து நின்றார். மூக்கு நுனி சிவந்துவிட்டது. "முதல் படியில பேசுவேன். கொசுகிட்டப் பேசற மாதிரி. ஆயுசு முழுக்க!"

அப்போது உள்ளேயிருந்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். கையில் கரண்டி. "டீ போடவா?" என்று கேட்டார். அறிவிப்பாளர் "ம்" என்றார். வீட்டம்மா போய்விட்டார்.

"அம்மா தொலிமா பேசுவாங்களா?" என்றாள் அண்ணி.

"அவளா? ஒரு வார்த்தை தெரியாது. வேலையத்த வேலைம்பா. இந்த ரூம்ல நாங்க வகுப்பு நடத்தும்போது, அந்தப் பக்கம் சமையல் ரூம்ல பாத்திரத்தை உருட்டிட்டு இருப்பா."

வீட்டின் பின்பக்கம் அறிவிப்பாளரின் எழுத்து அறை. ஹாலிலிருந்து அதற்கு ஒரே வழி, ஒரு நீளமான நடை. விழாவுக்காக அதன் தரைக்கு முந்தின நாள் காலையில்தான் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பத்து மணிக்கு அடித்து முடித்துவிட்டுப் பெயிண்டர் டீ குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் ஈரத் தரை முழுக்கக் காலுறைத் தடம். நோட்டைக் காணோம். பெயிண்டர் கோபித்துக்கொண்டு கூலியைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

ரேடியோ மண்டியிட்டுத் தடங்களைப் பார்த்தான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரிசை. இரண்டிலும் விரல்கள் எழுத்து அறையைத்தான் பார்த்திருந்தன. அறையிலிருந்து வெளியே வரும் தடம் ஒன்றுகூட இல்லை. அறைக்கு இருப்பதோ ஒரே கதவு, ஜன்னலில் கம்பி.

"அண்ணி, கேஸ் முடிஞ்சுது" என்றான். "உள்ள போனது ரெண்டு பேர். வெளிய வந்தது யாரும் இல்ல. அப்ப ரெண்டு பேரும் இன்னும் உள்ளதான் இருக்கானுங்க."

சொல்லிவிட்டு அறைக்குள் போய் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். அறிவிப்பாளரும் நம்பிக்கையோடு குனிந்து பார்த்தார்.

"அந்த நேரத்துல வீட்ல யார் யார் இருந்தாங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"பல் டாக்டரம்மா, சலூன்காரர், நீச்சல் மாஸ்டர். மூணு பேரும் தோரணம் கட்ட வந்திருந்தாங்க. இன்னிக்கும் வந்திருக்காங்க. ஆனா அவங்க எல்லாம் தங்கம்."

தங்கத்தில் ஒன்று அப்போது உள்ளே வந்தது. பல் டாக்டரம்மா அறிவிப்பாளரைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். நாற்காலிகளை எத்தனை வரிசையாகப் போடுவது என்பதை ஆறாம் படியில் கேட்டார். அதைக் கேட்டு முடிக்கவே இரண்டு நிமிஷம் ஆனது. பதிலை வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டாமல் அப்படியே பின்னாலேயே நடந்தார். கதவு நிலையில் தலை இடித்தது. அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

"இது என்ன சார்?" என்றான் ரேடியோ.

"ஆறாம் படி. குருவோட அறையிலேர்ந்து போகும்போது முதுகு காட்டக் கூடாது. குரு உள்ள இல்லன்னாலும் காட்டக் கூடாது. மரியாதை அந்த அறைக்கும் சேத்து."

அண்ணி தரையைப் பார்த்தாள். பிறகு ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ மெதுவாக மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தான்.

"சரி அண்ணி" என்றான். "ஒரே ஆள். போகும்போது முன்னால, வரும்போது பின்னால. நான் சும்மா உங்களைச் சோதிச்சுப் பாத்தேன்."

அறிவிப்பாளரை முன் அறையில் சற்றுப் படுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, அண்ணி மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். மூவரும் அழாக்குறையாகத் துக்கப்பட்டார்கள். மூவருக்கும் இன்னொரு ஒற்றுமையும் இருந்தது. அன்று மாலை ஏழாம் படி தனக்குத்தான் என்று ஒவ்வொருவரும் முடிவு கட்டியிருந்தார்கள். பல் டாக்டரம்மா புதுப் புடவையோடு வந்திருந்தார். சலூன்காரர் தன் தலையைத் தானே திருத்திக்கொண்டிருந்தார். பின்பக்கம் கொஞ்சம் கோணல். நீச்சல் மாஸ்டர் பதில் பேசும்போது மூச்சு வாங்கக்கூடாது என்று ஒரு வாரமாகத் தண்ணீருக்கடியில் மூச்சடக்கிப் பழகினாராம்.

"மூணு பேருக்குமே அவர்மேல அவ்வளவு மரியாதை" என்றான் ரேடியோ. "இதுல யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"அந்த ஆளைப் பாக்க நேத்து அங்க யாரும் இல்ல" என்றாள் அண்ணி. "தோரணம் கட்டற சத்தம் ஹால்ல. குரு வாசல்ல. காலியான ரூம். அடிச்ச பெயிண்ட்டு வேற ஈரம். திருடற அவசரத்துலயும் ஒரு ஆள் பின்னாலேயே நடந்து வந்திருக்கு. பாக்கறதுக்கு ஆள் இல்லாதப்பவும் மரியாதை குடுக்கற ஆள்தான் நம்ம திருடன். நீ போய் ஜன்னலுக்கு வெளிய நில்லு."

ஜன்னலுக்கு வெளியே ரோஜாச் செடி. ரேடியோ அதற்குள் இறங்கி உட்கார்ந்தான். எங்கெங்கே முள் குத்தியது என்று இங்கே எழுதுவதற்கில்லை.

அண்ணி தன் குடையை எழுத்து அறையில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு ஹாலில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, எனக்கு முட்டி வலி. என் குடையைக் கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?"

பல் டாக்டரம்மா அறைக்குள் வந்தார். குடையை எடுத்தார். அறிவிப்பாளரின் நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கம்பீரமாக வெளியே போனார்.

முட்டி வலிக்கார அண்ணி ஓடிப் போய்க் குடையை மறுபடி வைத்தாள்.

அடுத்து சலூன்காரர். குருவின் அளவுகோலை எடுத்து முதுகைச் சொறிந்தார். சுகமாக இருந்திருக்க வேண்டும். இரண்டாவது தடவையும் சொறிந்தார். குடையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். அண்ணி மறுபடி ஓடினாள்.

கடைசியாக நீச்சல் மாஸ்டர் வந்தார். அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் புஜத்தைப் பார்த்தார். குடையை மறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே போய்விட்டார்.

ரேடியோவுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. மூன்று தங்கமும் கவரிங். ஒருவரும் திருடனில்லை என்பதைவிட, ஒருவருக்கும் அந்தக் கிழவர்மேல் காலணா மரியாதைகூட இல்லை என்பதுதான் அவனைச் சுட்டது. பாவம் மனிதர், இவர்களில் ஒருவருக்காகவா ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதினார்? எழுந்து போகப் பார்த்தான். கால்சட்டை முள்ளில் மாட்டிக்கொண்டது. முன்னால் இழுத்தாலும் கிழிகிறது, பின்னால் இழுத்தாலும் கிழிகிறது. அப்படி அரைகுறையாக நின்றபோதுதான் அறைக்கதவு இன்னொரு முறை திறந்தது.

வீட்டம்மா வந்தார். காலை டீ டம்ளர் மேசைமேல் குடிக்காமல் அப்படியே ஆறிக் கிடந்தது, பக்கத்தில் திறக்காத கண் சொட்டு மருந்துக் குப்பி. இரண்டையும் எடுத்தார். கலைந்த காகிதங்களை அடுக்கினார். அளவுகோலை முந்தானையால் துடைத்து வைத்தார். காலி நாற்காலியைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். பிறகு, டம்ளரில் ஒரு சொட்டு சிந்தாமல், பின்பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்காமல், பின்னாலேயே நடந்து நிலைப்படியைச் சரியாகத் தாண்டிப் போனார். பல் டாக்டரம்மாவுக்கே இடித்த நிலை அது. இவருக்கு இடிக்கவில்லை. வருஷக்கணக்காகப் பழகிய நடை.

ரேடியோ கால்சட்டையின் ஒரு பகுதியைச் செடிக்கே கொடுத்துவிட்டு அண்ணியிடம் ஓடினான். வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை. அவனுக்கு இது முதல் தடவை.

"யாரு?" என்றாள் அண்ணி.

அவன் சமையல் அறையைக் கைகாட்டினான்.

சமையல் அறையில் அடுப்பின்மேல் பால் காய்ந்துகொண்டிருந்தது. மாவு டின்மேல் சாய்ந்து நின்றது பச்சை அட்டை நோட்டு. பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க, துணி காயப்போடும் கிளிப் போட்டிருந்தது. வீட்டம்மா ஒரு கையால் பாலைக் கிளறிக்கொண்டே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் நோட்டை மறைக்கவெல்லாம் இல்லை.

"வாங்க அண்ணி" என்றார். "வருவீங்கன்னுதான் நெனச்சேன். இன்னும் ரெண்டே பக்கம். முடிச்சுட்டுக் குடுத்துடறேன்."

அண்ணி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரேடியோவால் உட்கார முடியாது, நின்றான்.

"எத்தனை வருஷமாம்மா தொலிமா தெரியும்?" என்றாள் அண்ணி.

"அவர் வகுப்பு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. இந்தச் சுவர் மெல்லிசு." வீட்டம்மா கிளறுவதை நிறுத்தினார். "ஸ்டேஷன்ல நாள் பூரா பேசிட்டு வருவாரு. வீட்டுக்குள்ள வந்தா 'ம்', 'ம்ஹும்', ரெண்டே சொல்லு. கல்யாணமான புதுசுல நான் பிளாட்பாரத்துக்குப் போய் உக்காந்துக்குவேன், அவர் குரலைக் கேக்கறதுக்கு. ரிட்டயர் ஆனா பேசுவாருன்னு பாத்தேன். பேசினாரு. ஆனா யார்கிட்ட? வந்தவங்க போனவங்ககிட்ட, இந்த மொழியில. அப்ப நானும் கத்துக்கிட்டேன். வேற என்ன பண்றது?"

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"வேலையத்த வேலைன்னு முதல் நாளே வாய்விட்டுட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

"நோட்டை எதுக்கு எடுத்தீங்க?" என்றான் ரேடியோ.

வீட்டம்மா கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆறு படி சுவர் வழியா வந்துடுச்சு. ஏழாவதை அவர் யாருக்கும் சொல்லிக் குடுக்கலையே. இன்னிக்கு அவர் யார்கிட்ட அதைப் பேசப்போறாருன்னு எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவா இருக்கும். படிச்சவங்க. எனக்கா இருக்காது. ஆனா, ஒருவேளை எனக்கா இருந்துட்டா? பதில் தெரியாம நான் மரம் மாதிரி நின்னா, அவர் சொன்னது சொல்லாததா ஆயிடுமே. முப்பது வருஷம் ஊர்ல ஒருத்தரும் பதில் சொல்லல. நானும் சொல்லலைன்னா எப்படி?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. மூன்று பேரும் கவனிக்கவில்லை.

"ரெண்டு பக்கத்தை முடிங்க" என்றாள் அண்ணி. "நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கு."

அம்மா முடித்தார். நோட்டை அண்ணியிடம் கொடுக்கும்போது கேட்டார். "நான் எடுத்தேன்னு தெரிஞ்சா கொசுகிட்டப் பேசற மாதிரி பேசுவேன்னு சொன்னாரு. கேட்டேன். சொல்லிடுவீங்களா?"

"நோட்டைத் தேடிக் குடுன்னுதான் சொன்னாரு. ஆளைப் பிடிச்சுக் குடுன்னு எங்கிட்ட யாரும் சொல்லல" என்றாள் அண்ணி.

வெளியே வந்ததும் ரேடியோ அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். "அண்ணி, அவர் சட்டைப் பையில அந்தப் பேச்சு இருக்கு. நான் லேசா எடுத்து யாருக்குன்னு பாத்துடறேன். வேற யாருக்காவது இருந்தா, இந்த அம்மாவை அந்த நேரத்துல கடைக்கு எங்கயாவது அனுப்பிடலாம். அதைப் பாத்துட்டு அவங்க நிக்கறதை என்னால பாக்க முடியாது."

"கூடாது."

"அண்ணி!"

"அது நம்ம கேஸ் இல்ல." சொன்னாளே தவிர, அவள் முகமும் நன்றாக இல்லை.

நோட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்ததாக ரேடியோ அறிவித்தான். அறிவிப்பாளர் குழம்பினார். "அங்க நான் மூணு தடவை பாத்தேனே?"

"நாலாவது தடவை பாத்திருக்கணும் சார்."

"அப்ப இந்தத் தடம்?"

"பெயிண்டர்" என்றான் ரேடியோ. "அவருக்கும் உங்கமேல ரொம்ப மரியாதை."

அறிவிப்பாளர் அதை அப்படியே நம்பி, கண்கலங்கி, நோட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆறு மணி. ஹாலில் இருபது நாற்காலிகள், பதினோரு பேர். முன்வரிசையில் மூன்று தங்கமும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. நீச்சல் மாஸ்டர் இப்போதே மூச்சை அடக்கத் தொடங்கிவிட்டார். வீட்டம்மா சமையல் அறை வாசலில் டீத் தட்டோடு நின்றார். ரேடியோ கடைசி வரிசையில் நகத்தைக் கடித்தான்.

அறிவிப்பாளர் வந்தார். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் தாள். முன்வரிசையை நோக்கி நடந்தார். பல் டாக்டரம்மா பாதி எழுந்தார். அவரைத் தாண்டினார். சலூன்காரர் தலையைக் கோதினார். அவரையும் தாண்டினார். நீச்சல் மாஸ்டரின் முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. அவரையும் தாண்டி, நாற்காலி வரிசைகளைக் கடந்து, சமையல் அறை வாசலில் போய் நின்றார்.

ரேடியோ அண்ணியின் கையை நறுக்கென்று கிள்ளிவிட்டான். அவள் கிள்ளலைக்கூட உணரவில்லை.

அறிவிப்பாளர் பேசினார். பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் இன்று ஒரே ஒருத்திக்குக் கேட்டால் போதும் என்பதுபோல் தணிந்து வந்தது. நாலு நிமிஷம். நடுவில் இரண்டு தடவை குரல் உடைந்தது. கூட்டத்தில் ஒருவருக்கும் அர்த்தம் புரியவில்லை, ஆனால் ஒருவரும் அசையவில்லை. கடைசிச் சொல்லைச் சொல்லும்போது தாள் கை நழுவித் தரையில் விழுந்தது. ரேடியோ பாய்ந்து போய்ப் பொறுக்கினான். பொறுக்கும்போது மேலே தமிழில் எழுதியிருந்த முதல் வரி கண்ணில் பட்டது. பார்க்கக் கூடாதுதான், பார்த்துவிட்டான். 'ஊருக்கெல்லாம் முப்பத்தொரு வருஷம் பேசினேன். உன்னிடம் பேசாமல் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.'

பேசி முடித்ததும் அறிவிப்பாளர் உடனே திரும்பினார். பெரிய பாரத்தை இறக்கி வைத்த ஆள்போல், பதிலுக்குக் காத்திராமல், வேகமாக நடக்கத் தொடங்கினார். இரண்டு அடி வைத்திருப்பார்.

பின்னால் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. வீட்டம்மா பேசினார்.

ஏழாம் படியில். ஒவ்வொரு சொல்லும் ஒரு முழம். ஒரு இடத்திலும் தட்டவில்லை, திக்கவில்லை.

அறிவிப்பாளர் அப்படியே நின்றுவிட்டார். நீச்சல் மாஸ்டர் மூச்சை விட்டார், அது மட்டும் கேட்டது. வீட்டம்மா முடித்துவிட்டு முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"உனக்கு..." என்றார் அறிவிப்பாளர். "நான் சொன்னதெல்லாம் உனக்குப் புரிஞ்சுதா?"

"எல்லாம்."

"உனக்குப் புரியாதுங்கற தைரியத்துலதான் நான் எழுதினேன். பதில் வராது, சொன்னதா ஆகாதுன்னு..." அவர் பேச்சை நிறுத்தினார். கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். அதன் ஓரத்தில் துணி கிளிப் பதிந்த தடத்தைப் பார்த்தார். மாவுக் கறையைப் பார்த்தார். திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி கூரையில் ஏதோ ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

முடிந்தது கதை, இனி இந்த அம்மாவுக்கு ஆயுசுக்கும் கொசு மரியாதைதான் என்று ரேடியோ பயந்தான்.

அறிவிப்பாளர் நோட்டைத் திறந்தார். அவருக்குத்தான் மனப்பாடம் கிடையாதே. மனைவி சொன்னதைச் சொல் சொல்லாக நினைவில் பிடித்து, பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, விரலை வைத்து வைத்துத் தேடினார். முதல் சொல்லுக்கே விரல் நின்றுவிட்டது. வெகு நேரம் அங்கேயே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடினார். கூட்டமே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. பல் டாக்டரம்மா அர்த்தம் தெரியாமலேயே தேம்பினார்.

ரேடியோவால் பொறுக்க முடியவில்லை. "சார், அம்மா என்ன சொன்னாங்க?"

அறிவிப்பாளர் நிமிர்ந்தார். முப்பத்தொரு வருஷம் அறிவித்த குரலில் அறிவிக்கப் பார்த்தார், முடியவில்லை. சாதாரணக் குரலில்தான் வந்தது.

"'மன்னிச்சாச்சு'ன்னு சொல்லியிருக்கா." விரல் கடைசி வரிக்கு இறங்கியது. "'காலையிலேர்ந்து கண்ணுக்கு மருந்து விட்டுக்கல. உள்ள வந்து உக்காருங்க.'"

அவர் நோட்டை மூடி ரேடியோவிடம் கொடுத்தார். சமையல் அறைக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்து, முகத்தை அண்ணாந்து, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டார். வீட்டம்மா சொட்டு மருந்துக் குப்பியைத் திறந்தார்.